நடைமெட்டும் ஓட்டமெட்டும்

மத்ராவியின் அப்பா சக்ராவியைத் தொலாக் வெட்டியபோது மத்ராவிக்கு ஏழு வயது. புகையிலைக் காட்டு வரப்பில், காலை பத்து மணிக்கு, நேருக்கு நேர் நின்று வெட்டினான். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விழுந்தது. இரண்டாவது வயிற்றில். அப்பா தன் அரிவாளை உறையிலிருந்து பாதிதான் உருவியிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்த மத்ராவி, குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். குடத்தை நழுவவிடாமல் வைத்ததைப் பிற்காலத்தில் அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

"உடைச்சா எப்பா அடிப்பாருன்னு பயந்துட்டேன்" என்பான்.

எல்லாம் ஒரு மாட்டுப் பந்தயத்தில் தொடங்கியது. யார் காளை முதலில் கோட்டைத் தொட்டது என்ற தகராறில் மத்ராவியின் அப்பா தொலாக்கைக் கூட்டத்தின் நடுவே கன்னத்தில் அறைந்தார். மதுரா தீவில் அப்படி அறை வாங்கியவனுக்கு இரண்டு வழிதான். ஊரை விட்டுப் போகலாம், இல்லையென்றால் மானத்துக்காக அரிவாள் எடுக்கலாம். இரண்டாவதற்குச் சாரோக் என்று பெயர். தொலாக் பகலில் வந்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டான், முன்னால் நின்று வெட்டினான். பிறகு இரத்தம் காயாத அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து காவல் நிலையத்தில் கொடுத்தான். அதனால் அவனைக் கோழை என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பழி தீராத பிணத்தை மையவாடிக்கு எடுத்துப் போவதில்லை. வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்துவிடுவார்கள். கிணற்றுக்குப் போனாலும் ஆட்டைக் கட்டப் போனாலும் மகன்கள் அந்த மேட்டைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். மத்ராவியின் தாய் ராஸிமா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். கணவனின் சட்டையைத் துவைக்காமல் தகரப் பெட்டியில் வைத்தாள். வியாழக்கிழமை தோறும் மஃரிபு தொழுகைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து மகனைத் தொடச் சொன்னாள். பிறந்து வளர்ந்த இளையவன் ஜுமாடினும் தொட்டான். வருஷம் போகப் போகச் சட்டை தகரத்தை விட விறைப்பாகிவிட்டது.

மத்ராவி சரோனென் வாசிப்பவன் ஆனான். சரோனென் என்பது தேக்கில் கடைந்த குழல். ஓலைச் சீவாளியை வாய்க்குள் வைத்து, கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் இழுத்துக்கொண்டே ஊத வேண்டும். இடையில் மூச்சு விட்டால் வாசிப்பவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுடைய குழுவில் பத்தொன்பது வருஷம் காங் என்னும் வெண்கலச் சேகண்டி அடித்தவன் நான். புருடின் மேளம். மற்ற மூவர் தாளம். கல்யாணம், மாட்டுப் பந்தயம், நாடகம், கப்பல் துறையிலிருந்து ஆள் அழைத்து வருவது என்று எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்கு மூன்று மெட்டு. அமர்மெட்டு, விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிடும்போது. நடைமெட்டு, ஊர்வலத்தில். ஓட்டமெட்டு, காளைகளை அவிழ்த்து விடும்போது. ஓட்டமெட்டைக் கேட்டால் மாட்டுக்கு மட்டுமில்லை, மனிதனுக்கும் கண் சிவக்கும். ஒரு பந்தயத்தில் அந்த மெட்டின் நடுவே கைகலப்பாகி, எவன் வீசினான் என்றே தெரியாத கத்தியில் மத்ராவியின் இடது மோதிர விரல் போயிற்று. விரலைத் தேடக்கூட யாரும் குனியவில்லை. காளையின் குளம்பில் மிதிபட்டிருக்கும். மூன்று மாதம் அவன் குழலைத் தொடவில்லை. நான்காம் மாதம் ஒரு துளையைத் தேன்மெழுகால் அடைத்துவிட்டு, அந்தச் சுரத்தை உதட்டை இறுக்கிக் கொண்டுவரக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் தெரியும். வாசித்து முடித்ததும், "இன்னைக்கு மூணு இடத்துல நொண்டிச்சு" என்பான்.

ஊர் திரும்புகிறவனை மேடையேற்றாத நாடகம் எங்கள் பக்கம் கிடையாது. காலிமந்தானுக்கோ மலாயாவுக்கோ போனவன் பத்து வருஷம் கழித்து வருவான். திரைக்குப் பின்னாலிருந்து மத்ராவியின் குழல் நடைமெட்டில் தொடங்கும். வந்தவன் பெண்டாட்டியைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேள்விப்படுவான். குழல் ஓட்டமெட்டுக்குத் தாவும். அரிவாள் வெளியே வரும். மூன்று பேர் விழுவார்கள், திரையும் விழும். மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டிய சினிமாவிலும் அதேதான். ஜுமாடின் அந்தப் படங்களை ஒன்று விடாமல் பார்த்து, கதாநாயகன் கப்பலிலிருந்து இறங்கும் நடையை அப்படியே நடந்து காட்டுவான். ஊர் திரும்புகிற பாட்டு ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம்.

"மூணு பேரை வெட்டுறானே, அடுத்த நாள் காலைல அவன் என்னலே செய்வான்?" என்று மத்ராவி ஒருமுறை கேட்டான்.

"காக்கா, படம்தான் முடிஞ்சிருச்சே" என்று அண்ணனுக்குச் சொன்னான் ஜுமாடின்.

தொலாக் ஒன்பது வருஷம் சிறையில் இருந்தான். வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. சிறை வாசலிலிருந்தே காலிமந்தான் கப்பலேறி, மரம் அறுக்கப் போய்விட்டான். பதினெட்டு வருஷம். 1988இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவன் வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பெருநாளுக்குத்தான் எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் ஊர் வருவார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஊர்த்தலைவர். கூடவே தொலாக்கின் சகோதரி மகன் அஸ்மோனி. நாங்கள் சீவாளி நறுக்கிக்கொண்டிருந்தோம்.

"மத்ராவி, நீதான் அந்த ஆளை அழைச்சுட்டு வரணும்" என்றார் ஊர்த்தலைவர். "செத்தவர் மகனே குழலூதி முன்னால நடந்தா, பழி தீர்ந்துச்சுன்னு பத்து ஊருக்கும் தெரியும். என் வீட்டு முற்றத்துல நம்ம மார்க்கப் பெரியவர் கியாய் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால ரெண்டு பேரும் கை கொடுங்க. அதுக்கப்புறம் எவன் அரிவாள் எடுத்தாலும் அவன் நாய்."

"எங்க மாமா நுரையீரல் கெட்டு வாறார்" என்றான் அஸ்மோனி. முப்பது வயது, மோதிரம் நிறைந்த கை. "ஆனா உனக்குப் பயந்து வரலை. அதை மட்டும் மனசுல வச்சுக்க."

"பயந்தவங்களுக்கும் வாசிச்சிருக்கேன், பயப்படாதவங்களுக்கும் வாசிச்சிருக்கேன்" என்றான் மத்ராவி. "மெட்டு ஒண்ணுதான். வாறேன்னு சொல்லிடுங்க."

அன்று மாலை ராஸிமா இரண்டு மகன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. இறைச்சிக்கு மசாலா சொல்வதுபோலச் சொன்னாள். "துறையிலிருந்து மூணு கிலோமீட்டர். பாதி வழியில பனந்தோப்பு வளைவு. ஜுமாடின் அங்க நிக்கட்டும். பெருநாள் கப்பல்ல எத்தனையோ கிழவனுங்க இறங்குவானுங்க. இவன் அந்த மூஞ்சியைப் பார்த்ததில்ல. பெரியவனே, நீ பார்த்திருக்க. வாறது அவன்தான்னா வளைவுல ஓட்டமெட்டுக்கு மாறு. சின்னவன் முன்னால வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வெட்டட்டும்."

"எம்பு, அவனோட ஆறு மருமக்கமாரும் கூட வருவானுங்க" என்றான் மத்ராவி தாயிடம்.

"உங்க எப்பா தனியாத்தான் நின்னாரு."

ஜுமாடின் ஏற்கனவே எழுந்துவிட்டான். அரிவாளை இடுப்பில் செருகி, எடுத்து, செருகிப் பார்த்தான். வாசலில் அவன் மனைவி சஹாமா ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்து நின்றாள்.

மத்ராவி மறுத்திருக்கலாம். மறுத்தால் தாய் இளையவனை நேரே தொலாக் வீட்டுக்கு அனுப்புவாள் என்று அவனுக்குத் தெரியும். மனதில் ஒரே கணக்கு: வளைவைத் தாண்டும்வரை நடைமெட்டு. குழல் மாறாவிட்டால் ஜுமாடின் தோப்பை விட்டு வெளியே வரமாட்டான். கியாயின் முன்னால் கை கொடுத்துவிட்டால் முடிந்தது. தம்பி அன்று சாயங்காலம் உயிரோடு வீடு திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவன் எங்களிடம் சொன்னது பிறகு, மருத்துவமனையில். முன்பே சொல்லியிருந்தால் நடந்தது நடந்திருக்காது.

அன்று காலை எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இன்னைக்கு ஓட்டமெட்டு கிடையாது."

"ஏன் காக்கா, கிழவன் மூச்சு வாங்குவானா?" என்று புருடின் சிரித்தான்.

"கிடையாதுன்னா கிடையாது."

கப்பல் பதினொரு மணிக்கு வந்தது. பாயும் பெட்டியும் கோழியுமாகக் கூட்டம் இறங்கியது. ராஸிமா சொன்னது சரி. தொப்பி வைத்த கிழவர்கள் மட்டும் இருபது பேர் இருந்தார்கள். மத்ராவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் அஸ்மோனி கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிய ஆளைப் பார்த்ததும் சீவாளியை வாயில் வைத்து நனைத்தான். விலா எலும்பு தெரியும் ஒரு மனிதர். இருமினால் உடம்பு முழுக்க ஆடியது.

"யாரு வாசிக்கிறது?" என்று கேட்டார் தொலாக்.

"நம்ம ஊர் ஆளு மாமா" என்றான் அஸ்மோனி. யார் மகன் என்று சொல்லவில்லை. தன் வெற்றியைப் பிறகு, எல்லார் முன்னிலையிலும் சொல்லலாம் என்று வைத்திருந்தான் போலும்.

நடக்கத் தொடங்கினோம். மத்ராவி முன்னால். அவன் பின்னால் நாங்கள். எங்கள் பின்னால் தொலாக், அவரைச் சுற்றி மருமக்கள் ஆறு பேர், பிறகு ஊர். மருமக்களில் ஒவ்வொருத்தன் சட்டைக்குள்ளும் முதுகுப் பக்கம் வளைவாக ஒரு புடைப்பு. அவ்வளவு நிதானமான நடைமெட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு சுரம் நொண்டவில்லை. அவன் கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

பனந்தோப்பு தெரிந்தது. இன்னும் நூறு அடி. ஐம்பது அடி. வளைவில் ஏறினோம். மெட்டு மாறவில்லை. தோப்பில் ஒரு ஓலைகூட அசையவில்லை.

தாண்டிவிட்டோம் என்றே சொல்லலாம். அப்போதுதான் அஸ்மோனி முன்னால் ஓடி வந்தான்.

"என்ன இது, மையத்து தூக்கிட்டா போறோம்? ஓட்டமெட்டு எடு! ஜெயிச்ச காளைக்கு வாசிக்கிற மாதிரி வாசி! எங்க மாமா வாறாரு!"

மத்ராவி வாயிலிருந்து குழலை எடுக்காமல் தலையை ஆட்டி மறுத்தான்.

"முடியாதா? எங்க மாமாவுக்கு முடியாதா?"

அஸ்மோனி ஒரு நோட்டை எடுத்துப் புருடின் தொப்பியில் செருகினான். எங்கள் தொழிலில் அது சட்டம். காசு செருகியவன் கேட்ட மெட்டை அடிக்காமல் ஒரு அடிகூட எடுத்து வைப்பதில்லை. எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து கை பழகிய பழக்கம். காலையில் மத்ராவி சொன்னது புருடினுக்கு அந்த நொடி நினைவில் இல்லை. தொப்பியில் காகிதம் உரசியதும் கை தானாகப் போயிற்று. மேளம் ஓட்டமெட்டில் வெடித்தது. தாளக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். நானும் காங்கை அடித்தேன். ஆறு பேரில் ஒருவன் மட்டும் நடைமெட்டில், எங்கள் எல்லாரையும் எதிர்த்து, கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருந்தான்.

தோப்பிலிருந்து ஜுமாடின் வந்தான். ஓடி வரவில்லை, படத்தில் பார்த்த அதே நடையில் வந்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பாதையின் நடுவே கால் அகட்டி நின்றான்.

"தொலாக்! திரும்பிப் போயிடாத! நான் சக்ராவி மவன்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்து வயலில் இறங்கியது. தொலாக் மட்டும் இருந்த இடத்தில் நின்றார். "இங்கதான் இருக்கேன்" என்றார். கையில் ஊன்றுகோல்தான் இருந்தது.

அஸ்மோனி பாய்ந்தான். அவன் வீசிய முதல் வீச்சு ஜுமாடினின் முழங்கைக்கு மேல் சதையைத் திறந்தது. ஜுமாடின் பின்வாங்கவில்லை. கீழிருந்து மேலே இழுத்தான். அஸ்மோனியின் காது பாதி தொங்கியது. மற்ற மருமக்கள் அரிவாளை உருவிக்கொண்டு சுற்றி வளைத்தார்கள். இன்னும் இரண்டு வீச்சில் தம்பி தரையில் கிடப்பான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மத்ராவி குழலைக் கீழே போட்டான். என் கையிலிருந்த காங்கைப் பிடுங்கினான். நாலு கிலோ வெண்கலம் அது. எதிரியை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தம்பியின் பக்கமாகப் புகுந்து, அரிவாள் ஓங்கியிருந்த அவனுடைய வலது மணிக்கட்டில் காங்கின் விளிம்பால் முழு பலத்தோடு அடித்தான். எலும்பு முறிந்த சத்தமும் காங்கின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அரிவாள் விழுந்தது. "காக்கா!" என்று அலறினான் ஜுமாடின். அதில் வலியை விட ஆச்சரியம் அதிகம். மத்ராவி இரண்டாவது அடியை முழங்காலில் போட்டான். தம்பி சரிந்தான். அவன்மேல் அண்ணன் குப்புற விழுந்து மூடிக்கொண்டான்.

அஸ்மோனிக்குக் கண்ணில் இரத்தம். யார் என்ன செய்தார்கள் என்று அவன் பார்க்கவில்லை. கீழே கிடந்த முதுகை வெட்டினான். ஒரு தோளிலிருந்து மறு இடுப்புவரை சட்டையோடு பிளந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கியபோது தொலாக் ஊன்றுகோலால் அவன் முகத்தில் அடித்தார். கிழவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"பின்னாலேர்ந்து வெட்டுறியாடா நாயே! படுத்துக் கிடக்கிறவனை! இதுக்கா நான் ஒன்பது வருஷம் சிறைச்சோறு தின்னேன்? பதினெட்டு வருஷம் எங்க அம்மா மையத்தைக்கூடப் பார்க்காம கிடந்தேன்? போ, போயி வெட்டு. நான் கிடந்த அதே அறை இன்னும் இருக்கு. போயி படு!" பேசி முடிக்கும் முன் இருமல் வந்து, பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்து வந்ததும் இரத்தம்தான்.

முதுகில் வெட்டியவனுக்கு எங்கள் ஊரில் பேர் கிடையாது. அஸ்மோனியின் சொந்த அண்ணன்மாரே அரிவாளை உறையில் போட்டுவிட்டு அவனை மிதித்தார்கள். மேளத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புருடினும் போய் மிதித்தான். அவன் தன் தவறுக்கு மிதித்தான் என்று நினைக்கிறேன்.

மத்ராவி முதுகில் அறுபத்தேழு தையல். பதினாறு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு ஜுமாடின். சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். மூன்றாம் நாள் ராஸிமா வந்தாள். இளையவனுக்குச் சோறு ஊட்டினாள். பாத்திரத்தைக் கழுவினாள். பிறகு மூத்தவனின் கட்டிலருகே வந்து நின்றாள்.

"பழி வாங்கப் போன கையை ஒடிச்சவன் என் வயித்துல பிறக்கல. என் முற்றத்துல கால் வைக்காத."

"அவன் உயிரோட இருக்கானே எம்பு" என்றான் மத்ராவி தலையணைக்குள்.

"எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சஹாமா இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். மத்ராவி அதைப் பார்க்கவில்லை. காயம் ஆறியதும் துறைக்குப் போய், ஊர் திரும்பிய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலில் ஏறினான். சுரபாயா துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். முதுகுத் தையல் இழுத்ததால் வலது தோளில் மட்டும்தான் சுமக்க முடிந்தது. எனக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். தம்பி எப்படி இருக்கிறான், குழந்தை எப்படி இருக்கிறது, இரண்டு வரி. தொலாக் அந்த மழைக்காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எந்தச் சண்டையும் இல்லாமல் மையவாடியில் அடக்கம் ஆனார். கை கொடுக்க ஆள் இல்லாமல் கியாயும் ஊர்வலத்தன்றே எழுந்து போனவர்தான்.

1993இல் ராஸிமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நான்தான் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் பகல் கப்பலில் மத்ராவி வந்தான். அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. துறையில் நான் நின்றிருந்தேன். சற்றுத் தள்ளி ஜுமாடினும் நின்றிருந்தான். அவன் வலது மணிக்கட்டு உள்ளே வளைந்து, கோழிக்கால் போலச் சூம்பியிருந்தது. இடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சட்டை தொளதொளவென்று இருந்ததால் தெரியவில்லை. துறைக்காரர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள்.

மத்ராவி பலகையிலிருந்து இறங்கி நேரே தம்பியிடம் போனான்.

"சாகுறப்ப எம்பு உன் பேரைச் சொல்லல" என்றான் ஜுமாடின்.

"சரிலே."

"இந்தக் கையால மம்பட்டி பிடிக்க முடியல. அஞ்சு வருஷமா புகையிலைக் காட்டுக்குக் கூலி ஆள் வைக்கிறேன்."

"கை இருக்குல்ல."

ஜுமாடின் இடது கையை மடக்கி அண்ணனின் வாயில் குத்தினான். கடைபோட்டிருந்தவர்கள்வரை சத்தம் கேட்டது. மத்ராவி கையைத் தூக்கவில்லை. இரண்டாவது குத்தில் அவன் மண்டியிட்டான். மூன்றாவதில் ஒரு முன்பல் பலகையில் விழுந்தது. நான் நடுவே போகப் பார்த்தேன். மத்ராவி வேண்டாம் என்று கையைக் காட்டினான். நான்காவது குத்துக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜுமாடினுக்கு மூச்சு இரைத்தது. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

குனிந்து அண்ணனின் பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டான்.

"எழுந்திரு" என்றான். "மக்காச்சோளச் சோறு ஆறிட்டா உனக்குப் பிடிக்காதுன்னு சஹாமா அவசரப்படுத்தி அனுப்பினா."

மத்ராவி இரத்தத்தைக் கடலில் துப்பிவிட்டு எழுந்தான். தம்பி முன்னால் நடக்க, அவன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தான்.